ஹைட்ரஜன் கிட்: 24,000 ரூபாய், ஆறு மாதம், 24 சீட்டு

தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்குக் கொடுத்து மைலேஜைக் கூட்டும் என்று விற்கிற 'ஹைட்ரஜன் கிட்' ஒன்றை என் டீசல் வண்டியில் மாட்டிப் பார்த்த கதை இது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி அனுப்புகிறேன். வண்டி மகிந்திரா பொலிரோ பிக்கப், 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியது. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போக வர 280 கிலோமீட்டர். போகும்போது தக்காளி, முருங்கை. வரும்போது காலி கிரேட். வாரத்துக்கு மூன்று ட்ரிப். ஓட்டுவது ஏழு வருசமாக என்னோடு இருக்கும் தம்பி ஒருவன். வீட்டில் ஒரு நீளநோட்டு இருக்கிறது. ட்ரிப் ரீடிங், போட்ட டீசல், வந்த வாடகை எல்லாம் அதில் என் மனைவி எழுதி வைப்பார். அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் நானும் "சூப்பரா இருக்கு, வாங்கிப் போடுங்க" என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டுதான் திரிந்திருப்பேன்.

கிட் கம்பெனி பெயரை எழுதவில்லை. ஒரே டப்பா வேறு வேறு ஸ்டிக்கரில் ஊர் ஊராக விற்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

விலை 24,000, மாட்டுக் கூலி சேர்த்து. மைலேஜ் 30 சதவீதம் கூடும், கூடாவிட்டால் 30 நாளில் பணம் வாபஸ் என்றார்கள். ஆசைக்குக் காரணம் கணக்குதான். கிட் போடுவதற்கு முந்தைய நாலு வாரச் சராசரி லிட்டருக்கு 12.6 கிலோமீட்டர். அது 30 சதவீதம் ஏறினால் 16.4. ட்ரிப்புக்கு 5 லிட்டர் டீசல் மிச்சம், லிட்டர் 92 ரூபாய் சொச்சம், மாதம் 12 ட்ரிப். நாலே கால் மாதத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். ராத்திரி படுத்துக்கொண்டு இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்றால், எவர்சில்வர் தகடுகள், நடுவில் ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் தடித்த அக்ரிலிக் பலகை, சுற்றிலும் போல்ட். டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவு இருக்கும். இதைத்தான் ட்ரை செல் என்கிறார்கள். பக்கத்தில் தண்ணீர் டப்பா, அதில் டிஸ்டில்டு வாட்டரில் காஸ்டிக் பொட்டாஷ் கரைத்து ஊற்றுவது. பாட்டரிக் கரன்ட் போனதும் தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிந்து, இரண்டும் கலந்த வாயு குமிழி குமிழியாக வரும். விற்பவர்கள் வாயில் அது 'ஹெச்.ஹெச்.ஓ கேஸ்'. அது பபுளர் என்கிற இன்னொரு தண்ணீர் டப்பா வழியாகப் போய், ஏர் ஃபில்டருக்கும், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ஹோஸில் ஓட்டை போட்டுச் செருகிய குழாயில் சேரும். காற்றோடு காற்றாக இன்ஜின் அதை இழுத்துக்கொள்ளும். டீசல் வழக்கம்போல வரும். ஹைட்ரஜன் அதற்குத் துணை. டீசலே வேண்டாம் என்று இந்தக் கம்பெனி சொல்லவில்லை, அந்த மட்டில் நேர்மைதான்.

இவ்வளவு கொஞ்சம் வாயு என்ன செய்யும் என்று மாட்ட வந்தவரிடம் கேட்டேன்.

"உறை மோர் மாதிரிங்ணா. ஒரு குண்டாப் பாலுக்கு ஒரு கரண்டி போதுமில்லைங்களா? உள்ள போயி டீசலு பூராத்தையும் எரிய வெச்சுரும்."

வாயை மூடிவிட்டேன். உறை மோர் என்றதும் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மாட்டிய அன்றைக்கே அவர் இன்னும் மூன்று வேலை செய்தார். "ஃப்ரீ சர்வீஸ்ங்ணா" என்று அடைத்துக்கிடந்த ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதுசு போட்டார். நாலு டயருக்கும் காற்று பார்த்தார். பின்டயர் இரண்டிலும் குறைவாக இருந்தது. கடைசியாக ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்: 'நல்ல பலனுக்கு 60-க்குள் ஓட்டவும்.' இந்த மூன்றையும் ஞாபகத்தில் வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் 13.9 வந்தது. நோட்டில் என் மனைவி சிவப்புப் பேனாவில் கோடு போட்டிருக்கிறார். இரைச்சல் குறைந்த மாதிரி, ஏற்றத்தில் நன்றாக இழுக்கிற மாதிரி எல்லாம் தெரிந்தது. மார்க்கெட்டில் பக்கத்து மண்டிக்காரர் இரண்டு பேர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு நம்பர் வாங்கிப் போனார்கள். மூன்றாவது வாரம் 13.2, நாலாவது வாரம் 12.8. கம்பெனிக்குப் போன் செய்தால், "தண்ணி லெவல் பாருங்க, இன்னும் கொஞ்சம் பொட்டாஷ் சேருங்க" என்றார்கள். சேர்த்தேன். ஆம்பியர்தான் ஏறியது.

அந்த நேரத்தில்தான் அக்கா மகன் லீவுக்கு வந்தான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். பொட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல எவ்வளவு கேஸ் வருதுன்னு அளந்தீங்களா?" என்று கேட்டான். ஸ்டிக்கரில் நிமிசத்துக்கு 2 லிட்டர் என்று போட்டிருக்கிறதே என்றேன். சிரித்தான்.

வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, வாளித் தண்ணீரில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக் குழாயை உள்ளே விட்டோம். பாட்டில் நிறைய 50 செகண்ட். அப்படியென்றால் நிமிசத்துக்கு 1.2 லிட்டர். அதிலும் மூன்றில் இரண்டு பங்குதான் ஹைட்ரஜன், மிச்சம் ஆக்சிஜன். கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரில் அப்போது காட்டியது 20 ஆம்பியர். (பாட்டில் வாயைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, பிறகு காற்றில் விட்டுவிட்டோம். இந்தக் கலவை ஒரு சின்னப் பொறி பட்டாலும் வெடிக்கும். வீட்டுக்குள்ளே, மூடிய இடத்தில் யாரும் இந்த வேலை பார்க்க வேண்டாம்.)

அப்புறம் அவன் நோட்டின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை என் பாசையில் சொல்கிறேன். 2.5 லிட்டர் இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்-மில் ஓடினால், டர்போவை விட்டுவிட்டுப் பார்த்தாலே நிமிசத்துக்கு 2,500 லிட்டர் காற்று இழுக்கும். அதில் நம் வாயு 1.2 லிட்டர்.

"ஆயிரம் லிட்டர் தண்ணித் தொட்டியில அரை லிட்டர் பால ஊத்திட்டு டீ போடச் சொல்ற மாதிரி இருக்கு மாமா."

ஒரு மணி நேரத்தில் வருகிற ஹைட்ரஜனின் எடை 4 கிராம் கூட இல்லை. ஹைட்ரஜன் சத்தான சரக்குதான். ஒரு கிலோவில் 120 மெகாஜூல், டீசலைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் 4 கிராம் 4 கிராம்தானே. டீசல் கணக்கில் அது மணிக்கு 13 மில்லி. வண்டி மணிக்குக் குடிப்பது மூன்றரை லிட்டர்.

இது வரவு. செலவுப் பக்கம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 20 ஆம்பியர், 13.8 வோல்ட் என்றால் 276 வாட் கரன்ட். அது சும்மா வரவில்லை; வண்டிக்குக் கரன்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரின் பெல்ட்டை இன்ஜின்தான் சுற்றுகிறது, இன்ஜினைச் சுற்றுவது என் டீசல். ஆல்டர்னேட்டரில் பாதிக்குப் பாதி சூடாகப் போகும். இன்ஜினில் எரிகிற டீசலில் நூற்றுக்கு நாற்பதுதான் வேலைக்கு வரும். எல்லாம் சேர்த்து மணிக்கு 100 மில்லிக்கு மேல் டீசலைக் கொடுத்து 13 மில்லிக்குச் சமமான ஹைட்ரஜனை வாங்குகிறேன். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பதிமூன்று ரூபாய் சில்லறை வாங்குகிற கடைக்கு நான் 24,000 கட்டி மெம்பர் ஆகியிருக்கிறேன்.

உறை மோரைப் பற்றியும் கேட்டேன். நல்ல நிலையில் இருக்கிற டீசல் இன்ஜினில், உள்ளே போன டீசல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் எரிந்துதான் போகிறதாம். எரியாமல் வெளியே போவது சொற்பம். வீணாவது எல்லாம் ரேடியேட்டர் சூட்டிலும் சைலன்சர் சூட்டிலும். ஏற்கெனவே தயிரான பாலில் உறை ஊற்றி என்ன ஆகப்போகிறது என்றான்.

எனக்கு முழுசாக மனசு ஒப்பவில்லை. காகிதக் கணக்கு வேறு, ரோட்டுக் கணக்கு வேறு என்று முப்பது வருசமாகப் பார்த்தவன் நான். 13.9 வந்தது பொய்யா? "அப்ப ரோட்டுலயே பாத்துருவோம் மாமா. ஆனா பொட்டி ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, ஓட்டுறவருக்கும் தெரியக்கூடாது" என்றான்.

இதற்கு எலக்ட்ரீஷியன் பாயைக் கூப்பிட்டோம். கேபினில் இருந்த ஆம்பியர் மீட்டரைக் கழற்றிவிட்டு, பச்சை விளக்கு சாவி போட்டாலே எரிகிற மாதிரி மாற்றினார். பொட்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பச்சைதான். அதே கையோடு ஒரு பெரிய தப்பையும் கண்டுபிடித்தார். கம்பெனிக்காரர் பொட்டிக்குக் கரன்ட் விடுகிற ரிலே சுவிட்சைச் சாவிக்கு நேராகக் கொடுத்திருந்தார். அதாவது இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், பொட்டி பாட்டுக்கு வாயுவை உண்டாக்கி ஹோஸுக்குள் சேர்த்துக்கொண்டே இருக்கும்; ஸ்டார்ட் செய்யும்போது என்ன ஆகும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். பாய் அதை ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகத் திருப்பிவிட்டார், இன்ஜின் ஓடினால்தான் பொட்டிக்குக் கரன்ட். "அண்ணே, வண்டிக்குள்ள தம்பி படுத்துத் தூங்குவான்ல" என்று மட்டும் சொன்னார். பபுளரில் இருந்து சோப்பு நுரையில் கொஞ்சம் வாயு பிடித்து, நீளக் குச்சியில் நெருப்பு வைத்துக் காட்டினார். கைப்பிடி நுரைக்கு லட்சுமி வெடிச் சத்தம். தெருநாய் ஓடியது ஓடியதுதான்.

24 சீட்டு எழுதினோம். 12-இல் 'உண்டு', 12-இல் 'இல்லை'. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு என் மனைவியிடம் கொடுத்தேன். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முந்தின ராத்திரி ஒரு சீட்டை எடுத்து, அதன்படி ஃப்யூஸைப் போடுவதோ பிடுங்குவதோ அவர் பொறுப்பு. டீசல் எப்போதும் பழனி ரோட்டில் ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆன பிறகு கழுத்து வரைக்கும். லோடு எடை சீட்டுப்படி நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ட்ரிப் கணக்கில் இல்லை. மாசிக் கடைசியில் ஆரம்பித்து எட்டு வாரம் ஓடியது. நடுவில் எத்தனையோ நாள், "ஏங்க, இன்னைக்கு என்னன்னு சொல்லவா?" என்று சிரிப்பார். சொல்லவில்லை. இந்த எட்டு வாரமும் வீட்டில் அவர்தான் ஆர்.டி.ஓ.

தம்பிக்கும் ஒரு வேலை கொடுத்தோம். தினமும் வந்து இறங்கியதும் உண்டா இல்லையா என்று அவன் ஊகிக்க வேண்டும். "அண்ணே, ஏத்தத்துல காலை வச்சா தெரிஞ்சுரும்ணே" என்று சவால் விட்டான்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் ராத்திரி, ஃப்யூஸைப் பிடுங்கப் போன மனைவி கூப்பிட்டார். 30 ஆம்பியர் ஃப்யூஸ் உருகி, அதன் பிளாஸ்டிக் கூடும் இளகியிருந்தது. காரணம் பிறகு புரிந்தது. பொட்டி சூடாகச் சூடாகத் தண்ணீர் அதிகக் கரன்ட் இழுக்கும். கரன்ட் அதிகமானால் இன்னும் சூடாகும். காலையில் 18 ஆம்பியரில் கிளம்புவது மத்தியானம் 27-ஐத் தாண்டும். நல்ல கிட்டில் கரன்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு கன்ட்ரோலர் இருக்குமாம். இதில் இல்லை, நான் வேறு போன் பேச்சைக் கேட்டுப் பொட்டாஷை அள்ளிப் போட்டிருந்தேன். அந்த ட்ரிப்பைத் தள்ளிவிட்டுச் சீட்டை மறுபடி பாட்டிலில் போட்டோம்.

24 முடிந்ததும் அக்கா மகனை வரச்சொல்லி, நாலு பேரும் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தோம்.

பொட்டி ஓடிய 12 ட்ரிப், சராசரி 12.8. பொட்டி ஓடாத 12 ட்ரிப், சராசரி 13.1.

ஒரு ட்ரிப்புக்கும் அடுத்த ட்ரிப்புக்கும் சாதாரணமாகவே அரைக் கிலோமீட்டர் ஏறி இறங்கும் என்பதால், 0.3-ஐ வைத்துக்கொண்டு பொட்டி நட்டம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். காகிதக் கணக்கும் அதே திசையில்தான் காட்டுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் 30 சதவீதம் என்பது 3.8 கிலோமீட்டர். அது இந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. தம்பியின் ஊகம் 24-க்கு 11 சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் 12 வந்திருக்கும் என்றதும் அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குத் தூக்கம் கெட்டது 13.1-ஐப் பார்த்துத்தான். பொட்டி ஓடாத நாளிலேயே, கிட் மாட்டுவதற்கு முந்தைய 12.6-ஐ விட அரைக் கிலோமீட்டர் கூட! ஏர் ஃபில்டர், டயர் காற்று, மஞ்சள் ஸ்டிக்கர். கூடவே நோட்டை எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதால் தம்பியின் கால் கொஞ்சம் பூப்போல விழுந்திருக்கிறது. முதல் இரண்டு வாரத்து 13.9-உம் அப்படி வந்ததுதான். புதுப்பெண் மாதிரி வண்டியை ஓட்டியிருக்கிறான். ட்ரிப்புக்கு 78 ரூபாய், மாதம் 900 ரூபாய்க்கு மேல் மிச்சம். அறுநூறு ரூபாய் ஃபில்டரும் ஓசிக் காற்றும் செய்த வேலைக்கு எவர்சில்வர் பொட்டி மாலை வாங்கிக்கொண்டது.

இதற்குள் வேறு சில்லறைத் தொல்லைகளும் சேர்ந்தன. பொட்டாஷ் தண்ணீர் ஒரு இணைப்பில் கசிந்து, அலுமினியப் பிராக்கெட்டை வெள்ளைப் பொடியாக அரித்தது. அவசரத்துக்கு ஒரு தடவை தம்பி பைப்புத் தண்ணீர் ஊற்ற, ஒரே வாரத்தில் தண்ணீர் வரக்காப்பி நிறமாகிவிட்டது. அது எவர்சில்வர் அரித்து இறங்குகிற நிறம், அதில் குரோமியம் இருக்கும், வெறுங்கையால் தொடக்கூடாது, சாக்கடையில் கொட்டக்கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மழை ராத்திரியில் வைப்பர், ஹெட்லைட், பொட்டி மூன்றும் ஓடும்போது வண்டி நின்றால் லைட் மங்கும். வண்டித் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி-க்குப் போனால் என்ன சொல்வார்கள் என்ற பயம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கிட்டோடு அனுமதிச் சான்று எதுவும் வரவில்லை.

பணம் வாபஸ் கதை சின்னது. முதலில் "டிரைவர் ஓட்டுற விதம் சரியில்லைங்ணா" என்றார்கள். நோட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். பிறகு "முப்பது நாள் தாண்டிருச்சுங்களே" என்றார்கள். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. முதலில் 13.9 காட்டிவிட்டு மெல்ல மெல்ல இறங்குகிற பொருளுக்கு முப்பது நாள் கெடு வைத்தவன் விவரமானவன்தான்.

ஹைட்ரஜன் மேல் எனக்குக் கோபம் இல்லை. டெல்லியில் 2020-இல் இந்தியன் ஆயில் 50 பஸ்ஸில் சி.என்.ஜி-யோடு ஹைட்ரஜன் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கலந்தது 18 சதவீதம், ஹைட்ரஜன் கலந்த வாயுவை டிப்போவிலேயே பிளான்ட் வைத்துத் தயாரித்தார்கள். அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜனையே இன்ஜினில் எரிக்கிற லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டினார்கள். அங்கெல்லாம் ஹைட்ரஜன் வெளியில் தயாராகி வண்டிக்குள் ஏறுகிறது. ஓடுகிற வண்டியே தனக்கு ஹைட்ரஜன் சமைத்துக்கொண்டு, அந்தச் சமையலுக்கான விறகையும் தன் டேங்கில் இருந்தே எடுத்துக்கொண்டு, அதற்குமேல் மிச்சமும் பிடிக்கும் என்று சொல்லும்போதுதான் நாம் உசாராக வேண்டும். 1996-இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலை நானும் வாயைப் பிளந்து நம்பினவன். அதே 1996-இல்தான் அமெரிக்காவில் ஓஹையோ கோர்ட், தண்ணீரில் கார் ஓட்டுகிறேன் என்ற ஸ்டான்லி மேயர் செய்தது மோசடி என்று சொல்லி, முதலீடு செய்த இரண்டு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதாம். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் கழித்து நான் தண்ணீர் டப்பாவோடு நிற்கிறேன்.

அஞ்சுக்கு ஒரு ஸ்டார் கொடுக்கிறேன். அதுவும் கிட்டுக்கு இல்லை, பாயின் ஒயரிங்குக்கு.

ஆனி மாதம் கழற்றிவிட்டோம். ஓட்டை போட்ட ஹோஸுக்குப் புதுசு 1,100 ரூபாய். பொட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். எவர்சில்வர் என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, அரித்திருக்கிறது என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தார்கள். நம்பர் வாங்கிப் போன மண்டிக்காரர் இரண்டு பேரில் ஒருவருக்கு நோட்டைக் காட்டிவிட்டேன். இன்னொருவர் ஏற்கெனவே அவருடைய குட்டியானைக்கு மாட்டிவிட்டார். பதினெட்டு வருகிறது என்கிறார். எட்டாவது நாள்தானாம்.